நாய்க்கு ஒரு காலை எடுத்துவிட்டால் வீட்டில் வைத்து எப்படிப் பார்த்துக்கொள்வது?

உங்கள் நாயின் காலை எடுக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார், ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தால் எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை, வீட்டில் பாதிப்பேர் "ஊசி போட்டுச் சாகவிட்டுவிடலாம்" என்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரியைப் படித்த பிறகு பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

வாழும். மூன்று காலோடு நன்றாகவே வாழும். நாங்கள் இலங்கை மலையகத்தில் கொட்டகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். எங்கள் ரோஸிக்கு இடது முன்னங்கால் தோள்பட்டையோடு கிடையாது. காலையில் அம்மா கோழிக்கூட்டைத் திறக்கப் போகும்போது அவருக்கு முன்னாலேயே அங்கே போய் நிற்பவள் அவள்தான். இத்தனைக்கும் பின்னங்காலை இழந்த நாயைவிட முன்னங்காலை இழந்த நாய்க்குத்தான் சிரமம் கூட. நாய் நிற்கும்போது உடம்புப் பாரத்தில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்னங்கால்களில்தான் இறங்குகிறது. அவளே சமாளித்துவிட்டாள்.

நீங்களும் தோட்டத்துப் பக்கம் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். டவுனில் இருந்தாலும் பெரிதாக மாறாது, படிகள் கொஞ்சம் குறைவாக இருக்கும், அவ்வளவுதான்.

ரோஸி மாட்டியது காட்டுப்பன்றிக்கு வைத்த கம்பியில். மோட்டார் சைக்கிள் பிரேக் கம்பியைச் சுருக்காகப் போட்டு மரக்கறித் தோட்டத்து வேலியோரம் கட்டிவிடுகிறார்கள். இழுக்க இழுக்க இறுகும். இறுகிய இடத்துக்குக் கீழே இரத்தம் ஓடாமல் சதை செத்துப்போகும். தம்பி தேடிப்போய்க் கண்டுபிடித்தபோது கம்பி உள்ளே புதைந்து, பாதம் உப்பி, தொட்டால் சில்லென்று இருந்ததாம். நல்லவேளை, அவன் காலில் இருந்த சுருக்கைப் பிடுங்கப் பார்க்கவில்லை. குறட்டால் தள்ளி இருந்த கம்பியை வெட்டி, அப்படியே சாக்கில் சுற்றித் தூக்கிவந்தான். முதலில் காட்டிய இடத்தில் மேசையில் ஏற்றிக்கூடப் பார்க்கவில்லை. "தோட்டத்து நாய்தானே, ஊசி போட்டுவிடலாம்" என்றார்கள். அம்மா ஒரு வார்த்தை பேசாமல் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அப்புறம் ஹட்டன், கினிகத்தேன, நாவலப்பிட்டி, கம்பளை என்று அவ்வளவு தூரமும் தம்பியின் ஆட்டோவிலேயே போய், பேராதனைப் பல்கலைக்கழகத்து மிருக வைத்தியசாலையில் காட்டினோம்.

"பாதத்த மட்டும் எடுத்தா பத்தாதா மிஸ்?" என்று அம்மா கேட்டார். உங்கள் வீட்டிலும் இதைக் கேட்பார்கள். அந்த டொக்டர் பொறுமையாகச் சொன்னார்: பாதிக் காலை விட்டுவைத்தால் நாய் அதை ஊன்றத்தான் பார்க்கும், நுனி தரையில் பட்டுப் பட்டுப் புண்ணாகிக்கொண்டே இருக்கும். அதனால்தான் முன்னங்கால் என்றால் பெரும்பாலும் தோள்பட்டை எலும்போடும், பின்னங்கால் என்றால் இடுப்பு மூட்டிலோ தொடையின் மேல்பகுதியிலோ எடுக்கிறார்கள். பார்க்க அதிகமாக வெட்டிவிட்ட மாதிரித் தெரியும். நாய்க்கு அதுதான் சுகம்.

சரி, வீட்டுக்கு வந்த பிறகு.

எல்லாவற்றுக்கும் முன்னால் தரையைப் பாருங்கள். எங்கள் லயத்துக் காம்பரா, அதாவது தோட்டத்து வரிசை வீட்டு அறையின் தரை, சிவப்பு பொலிஷ் போட்ட சிமெந்து. அம்மா தீபாவளிக்கு முன்னால் தேய்த்துத் தேய்த்து முகம் தெரிகிற அளவுக்கு வைத்திருந்தார். மூன்று கால் நாய்க்கு அதைவிட மோசமான தரை கிடையாது. ஒருமுறை கால் விரிந்து விழுந்தால் தையல் பிய்ந்துபோகலாம், அதைவிட அந்த நாய் பயந்துபோய் எழும்பவே மறுக்கும். உரச் சாக்குகளை வெட்டித் தைத்து, நகராமல் இருக்க அடியில் பழைய ரப்பர் விரிப்பு ஒன்றைப் போட்டு, அடுப்படியிலிருந்து வாசல் வரை பாதை மாதிரி விரித்தோம். அவள் நடக்கிற வழி முழுவதும் பிடிப்பு இருக்க வேண்டும். பாதத்துக்கு அடியில் விரல் இடுக்கில் முடி நீளமாக இருந்தால் அதையும் கத்தரித்துவிடுங்கள், அதுவும் வழுக்கும். வாசல்படிக்குக் குறுக்கே பலகை வையுங்கள். லயத்துப் படிகளில் மழைக்காலத்தில் பாசி பிடித்து மனுஷரே வழுக்கி விழுகிறோம்.

முதல் இரவு உங்களுக்குப் பயமாக இருக்கும். ரோஸி விட்டு விட்டு முனகினாள், கண் திறந்திருந்தும் எங்களை அடையாளம் தெரியாத மாதிரிப் பார்த்தாள். மயக்க மருந்தும் வலி மருந்தும் உடம்பில் இருக்கும்போது அப்படி இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். சொல்லாமல் இருந்திருந்தால் அம்மா அன்றைக்கே மனது உடைந்துபோயிருப்பார். பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள், கையை வையுங்கள், சும்மா தூக்கித் தூக்கிப் பார்க்காதீர்கள். நம் மலைக்குளிரில் முடி சிரைத்த உடம்பு நடுங்கும். அக்கா மகளின் பழைய ஸ்வெட்டரில் ஒரு கையைத் தைத்து மூடிப் போட்டுவிட்டோம். சுடுதண்ணீர்ப் போத்தல் வைப்பதென்றால் துணியில் நன்றாகச் சுற்றி வையுங்கள். மருந்து மயக்கத்தில் இருக்கிற நாய்க்குச் சூடு தெரியாது, தோல் வெந்துவிடும்.

வெளியே போக, சாரத்தை (லுங்கியை) நீளமாக மடித்து உடம்புக்கு அடியில் கொடுத்து இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளுங்கள். முன்னங்கால் இல்லையென்றால் நெஞ்சுக்கு அடியில், பின்னங்கால் இல்லையென்றால் பின்வயிற்றுக்கு அடியில், தையலில் படாமல். தூக்கிச் சுமக்க வேண்டாம், விழாமல் தாங்கினால் போதும். சிறுநீர் ஒரு நாள் முழுக்கப் போகவில்லை என்றால் டொக்டருக்குச் சொல்லுங்கள். மலம் சில நாள் தள்ளிப்போவது மருந்தாலும் சாப்பாடு குறைந்ததாலும் வருவது, அதற்குக் கலங்க வேண்டாம். சாப்பாட்டுக் கோப்பையை, முன்னங்கால் இல்லாத நாய் என்றால், நெஞ்சு உயரத்துக்கு ஒரு பெட்டிமேல் வையுங்கள். ஒற்றைக் காலில் குனிந்து தின்பது சிரமம். ரோஸி முதலில் தின்ன மறுத்தாள், ஈரல் அவித்த தண்ணீரில் சோற்றைக் குழைத்துக் கையில் கொடுத்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

இனி மருந்து. இதைக் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். தயவுசெய்து மனுஷருக்கு உள்ள வலிக் குளிசையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். பக்கத்துக் காம்பரா பெரியம்மா பாசத்தில்தான் பனடோல் (பரசிட்டமோல்) கொண்டுவந்து நீட்டினார். நாய்க்கு அது ஈரலையும் இரத்தத்தையும் கெடுக்கக்கூடியது. இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் அதைவிட ஆபத்து, வயிறு புண்ணாகி சிறுநீரகம் போய்விடும். டொக்டர் எழுதிக் கொடுத்ததை மட்டும், சொன்ன அளவில், சாப்பாட்டோடு கொடுங்கள். அந்த மருந்திலும் வாந்தி வந்தாலோ மலம் கறுப்பாகத் தார் மாதிரிப் போனாலோ நிறுத்திவிட்டு உடனே கேளுங்கள். நாய் அழவில்லை என்பதால் வலி இல்லை என்று நினைக்காதீர்கள். படுக்க முடியாமல் எழும்பி எழும்பி உட்காருவது, குளிரிலும் மூச்சு வாங்குவது, காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்திருப்பது எல்லாம் வலிதான். சில நாய்களுக்கு இல்லாத காலிலேயே வலி வரும். ஒன்றும் செய்யாமலே திடீரென்று கத்தும், அந்தப் பக்கம் சதை துடிக்கும். ரோஸிக்கு அது வந்தது. டொக்டரிடம் சொன்னோம், நரம்பு வலிக்கு என்று வேறு மருந்து சேர்த்தார், போகப் போக நின்றுவிட்டது. நடிக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தையலைத் தினமும் காலையில் வெளிச்சத்தில் பாருங்கள். ரோஸியின் தோளுக்கு மேலிருந்து நெஞ்சுவரை கறுப்பு நூல் வரிசையாக ஓடியது, சுற்றிலும் தோல் நீலமும் பச்சையுமாக இருந்தது. அந்த நிறம் அடிபட்ட கன்றல்தான், மெல்ல மஞ்சளாகி மறையும். தையலுக்குக் கீழே மெத்தென்று தண்ணீர் கோத்த மாதிரி வீக்கம் வந்தால் ஊசியால் குத்தாதீர்கள். பெரும்பாலும் உடம்பே உறிஞ்சிக்கொள்ளும், ஆனாலும் டொக்டரிடம் காட்டுங்கள். நாற்றம், சீழ், தையல் விரிவது, ஈறு வெளுத்துப்போவது, ஒரு நாளுக்கு மேல் ஒன்றும் தின்னாமல் கிடப்பது, இதில் எது வந்தாலும் அன்றைக்கே கொண்டுபோங்கள். ஈரமும் ஈயும் சேர்ந்தால் புழு வைத்துவிடும், ஆகவே வெளியே படுக்க விடாதீர்கள். மஞ்சளும் தேங்காயெண்ணெயும் பூசச் சொல்லி ஆள் ஆளுக்குச் சொல்வார்கள். பாட்டி வைத்தியத்தை நான் குறை சொல்லவில்லை, எனக்கே சளிக்கு அம்மாவின் கொத்தமல்லித் தண்ணீர்தான். ஆனால் ஆபரேஷன் தையலில் எதையும் பூசக்கூடாது, நனைக்கவும் கூடாது. பொதுவாக 10 முதல் 14 நாளில் தையலைப் பிரிப்பார்கள். அதுவரை நக்கவிடக் கூடாது. கழுத்துக்குப் போடுகிற கூம்பு கிடைக்காவிட்டால் பிளாஸ்டிக் வாளியின் அடியை வெட்டி, விளிம்பில் துணி வைத்துத் தைத்துப் போடலாம். நாங்கள் அதைத்தான் போட்டோம்.

இந்த இடத்தில் ஒருவர் கட்டாயம் வந்து கேட்பார்: தோட்டத்தில் மனுஷருக்கே வைத்தியம் இல்லை, நாய்க்கு இவ்வளவு செலவா? எங்கள் லயத்திலும் கேட்டார்கள். செலவு தம்பி உழைத்த காசு, அம்மாவின் சீட்டுக் காசு. யாரிடமும் கை நீட்டவில்லை. மனுஷருக்கு வைத்தியம் இல்லை என்பது உண்மைதான். என் அத்தையைப் பிரசவத்துக்குத் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியில்தான் கொண்டுபோனார்கள், வழியிலேயே பிள்ளை பிறந்தது. நாள் சம்பளம் 1,000 ரூபாய் ஆவதற்கு 2021 வரை வருஷக்கணக்காகப் போராட வேண்டியிருந்தது. எங்கள் முன்னோர் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்து 200 வருஷம் என்று 2023இல் ஊரெல்லாம் நினைவுகூர்ந்தார்கள், அம்மா பிறந்து வளர்ந்த காம்பராவுக்கு இன்னும் அவர் பெயரில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. இதையெல்லாம் கேட்க வேண்டியவர்களிடம் கேளுங்கள், நானும் கூட வருகிறேன். ரோஸிக்குச் செலவழிக்காமல் விட்டிருந்தால் இதில் ஒன்றுகூடத் தீர்ந்திருக்காது.

அந்தக் கம்பியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2020 மே மாதம் மஸ்கெலியா நல்லதண்ணிப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை இப்படித்தான் மாட்டியது. சிகிச்சைக்கு உடவளவைக்குக் கொண்டுபோயும் சில நாளில் செத்துப்போனது. அப்போது எல்லோரும் அழுதார்கள். கம்பி இன்னும் வேலியோரங்களில் இருக்கிறது. பன்றி ஒரே இரவில் கிழங்குப் பாத்தியைக் கிளறிப் போட்டுவிடும் என்பது எனக்கும் தெரியும், எங்களுக்கும் பாத்தி உண்டு. அதற்காகக் கம்பி கட்டினால் அது பன்றிக்கு மட்டும் இறுகுவதில்லை. உங்கள் பக்கம் யார் கட்டுகிறார்கள் என்று தெரிந்தால் சண்டை போடாமல் நேரில் போய் உங்கள் நாயைக் காட்டுங்கள். தம்பி அப்படித்தான் செய்தான், இரண்டு வேலிகளில் கழற்றிவிட்டார்கள்.

தையல் பிரித்த பிறகு அவசரப்பட வேண்டாம். முதல் சில வாரம் கயிற்றில் கட்டி ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று சின்னச் சின்ன நடை, களைத்து உட்கார்ந்தால் விட்டுவிடுங்கள். மற்ற நாய்களோடு முட்டி மோதி விளையாட இன்னும் கொஞ்ச நாள் போகட்டும். மூன்று கால் நாய் நடப்பதைவிடத் துள்ளி ஓடுவதுதான் அதற்குச் சுலபம், அதனால் அவசரமாக ஓடுகிறது என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். ஆயுள் முழுக்கக் கவனிக்க வேண்டியது எடை. பாவம் என்று ஆளுக்கொரு துண்டு பாண் போட்டுக் கொழுக்க வைத்தால் மிச்ச மூன்று காலின் மூட்டும் சீக்கிரம் தேய்ந்துபோகும். விலாவில் கை வைத்தால் எலும்பு தட்டுப்பட வேண்டும், அதுதான் அளவு. இதை லயத்தில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள், முக்கியமாகப் பிள்ளைகளிடம். ரோஸிக்குப் பாண் போடுவதை நிறுத்த அம்மா வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது.

நாய்க்குத் தன் கால் போனதைப் பற்றிய வெட்கம் கிடையாது. அழுவது நாம்தான். அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த அதே நேரத்தில் ரோஸி கோழித் தீனி டப்பாவுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தாள். உங்கள் வீட்டில் ஊசி என்று சொல்கிறவர்களும் கெட்டவர்கள் இல்லை, அவர்கள் இதைப் பார்த்ததில்லை. இரண்டு முன்னங்காலும் கெட்டுப்போனது, மிச்சக் கால்களிலும் பெரிய நோய் இருப்பது போன்ற நிலை என்றால் டொக்டரே அதைச் சொல்லுவார், அது வேறு பேச்சு. ஒரு கால் மட்டும்தான் என்றால் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிடுங்கள்.

எந்தக் கால், என்ன வயது, எவ்வளவு எடை என்று நீங்கள் எழுதவில்லை. அதைக் கீழே எழுதுங்கள். முன்னங்கால் என்றால் சாரத்தை எப்படி மடித்துக் கொடுப்பது என்று அம்மாவை வைத்து ஒரு படம் எடுத்துப் போடுகிறேன்.