ஒரே மெஷின் திரும்பத் திரும்பப் பழுதாகிறது. மூல காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வியைப் பார்த்தாலே தெரிகிறது, மேலே இருப்பவர் ‘ரூட் காஸ்’ ரிப்போர்ட் கேட்டிருக்கிறார், நீங்கள் படிவத்தை வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருக்கிறீர்கள். படிவம் இருக்கட்டும். போன தடவை கழற்றிய பார்ட் எங்கே? ஸ்கிராப்புக்குப் போய்விட்டது என்றால், அடுத்த பிரேக்டவுன் வரும்வரை நீங்கள் எழுதுவதெல்லாம் கதைதான்.

நான் கோவைப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் எலெக்ட்ரிகல் மெயின்டனன்ஸ். டிபார்ட்மென்டில் ஈரப்பதத்தைக் காக்கும் ஹியூமிடிபிகேஷன் பிளான்ட்டில், உள்காற்றைத் திரும்ப இழுக்கும் ரிட்டர்ன் ஏர் ஃபேன் ஒன்று, 15 கிலோவாட் மோட்டார், பேரிங்கைத் தின்றுகொண்டே இருந்தது. புதுசு போட்டால் சில மாதம் ஓடும். அப்புறம் நைட் ஷிஃப்டாகப் பார்த்து ஊளையிடும். அது நின்றால் டிபார்ட்மென்டில் ஈரப்பதம் கலைந்து நூல் அறுந்துகொண்டே இருக்கும், திட்டு முழுக்க எங்களுக்கு.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கிரீஸ் போதவில்லை என்றார் ஒருவர், அதிகமாக அடைத்துவிட்டீர்கள் என்றார் அடுத்தவர். பிளேடில் பஞ்சு ஒட்டி பேலன்ஸ் போயிருக்கும் என்பது நியாயமான சந்தேகம், ரிட்டர்ன் ஃபேனில் நடப்பதுதான். சுத்தம் செய்து வைப்ரேஷன் பார்த்தோம், சரியாகவே இருந்தது. டூப்ளிகேட் பேரிங் என்று பர்ச்சேஸைக் கைகாட்டினார்கள். ரிப்போர்ட்டில் என்னவோ ‘ஃபிட்டர் கவனக்குறைவு’ என்றுதான் போனது.

பழைய ஷெட்டில் இதே மாதிரி இன்னொரு ஃபேன். அதே மோட்டார், அதே பேரிங் நம்பர், அதே கிரீஸ், அதே ஃபிட்டர். வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் ஓடுகிறது. லாக் புக்கைப் புரட்டினால், இந்த ஃபேனும் ஒரு காலத்தில் ஒழுங்காகத்தான் ஓடியிருக்கிறது. தொல்லை ஆரம்பித்தது கரண்ட் மிச்சம் பிடிக்க விஎஃப்டி டிரைவ் (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) மாட்டிய பிறகு.

அடுத்த முறை கழற்றிய பேரிங்கை யாரையும் தொட விடவில்லை. வெளி வளையத்தைக் கிரைண்டரில் அறுத்துப் பிரித்தோம். கிரீஸ் கருகிப் போயிருந்தது. துடைத்ததும் ஃபிட்டர், “என்னங்க சார், சிமென்ட் ஷீட் மாதிரி வரி வரியா இருக்குது?” என்றார். பேரிங் குண்டு ஓடும் பாதையில் குறுக்காக, சம இடைவெளியில் கோடுகள். கிரீஸ் குறையால் இப்படி வராது. இது கரண்ட் பாய்ந்த தடம்.

டிரைவ் வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை சுவிட்ச் ஆவதால் மோட்டாரின் சுழலும் தண்டான ஷாஃப்டில் வோல்டேஜ் ஏறுகிறது. போக வேறு வழியில்லாமல் பேரிங்கின் மெல்லிய எண்ணெய்ப் படலத்தைத் துளைத்துப் பொறியாக இறங்குகிறது. ஒவ்வொரு பொறியும் ஒரு நுண்குழி, நாளாவட்டத்தில் அது வரியாகிறது. கேபிளைப் பார்த்தால், கான்ட்ராக்டர் சாதாரண கேபிளை இழுத்து, எர்த்தைப் பக்கத்து இரும்பு ஆங்கிளில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். மேலே உலோக உறை சுற்றிய ஸ்கிரீன் கேபிள் போட்டு, அந்த உறையை டிரைவ், மோட்டார் இரண்டு பக்கமும் எர்த் செய்து, ஷாஃப்டைத் தொட்டுக் கரண்டை எர்த்துக்கு இறக்கும் கிரவுண்டிங் பிரஷ் வைத்தோம். பிரஷ்ஷில் பஞ்சு அடையும், துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பேரிங் மாற்றும் வேலை அதோடு நின்றது.

‘100 கிலோவாட்டுக்கு மேல்தான் இந்தப் பிரச்சினை வரும்’ என்று யாராவது கமென்ட் போடுவீர்கள். நீங்கள் சொல்வது பெரிய மோட்டார்களில் ஷாஃப்ட் வழியாகச் சுற்றி ஓடும் கரண்ட். நான் சொல்லும் பொறி டிஸ்சார்ஜ் சின்ன மோட்டாரிலும் வரும். எல்லாப் பேரிங்கும் இதனால்தான் போகிறது என்றும் நான் சொல்லவில்லை.

‘ஐந்து முறை ஏன் என்று கேள்’ முறையைக் குறை சொல்வதாகவும் நினைக்க வேண்டாம். டொயோட்டாவின் தாயிச்சி ஓனோ சொன்ன உதாரணத்தில் ஃபியூஸ் போனதில் ஆரம்பித்து, ஆயில் பம்ப்புக்கு வடிகட்டி இல்லை என்பதில் போய் முடியும். அது மெஷின் பக்கத்தில் நின்று கேட்ட கேள்வி. ஏசி ரூமில் உட்கார்ந்து கேட்டால் ஐந்தாவது ஏனுக்குப் பதில் எப்போதும் ஒரு ஆபரேட்டர் பெயர்தான்.

இந்த வேலையைக் கஸ்டமர் ஆடிட்டில் ஸ்லைடு போட்டுக் காட்டியது புதிதாக வந்த பிஇ தம்பி. நல்ல பையன், அவன்மேல் வருத்தமில்லை. ஆனால் டிப்ளமோ படித்தவன் எத்தனை வருஷம் இருந்தாலும் சூப்பர்வைசர்தான், அசிஸ்டென்ட் மேனேஜர் என்று போட மாட்டார்கள் என்பது எங்கே எழுதியிருக்கிறது? இன்கிரிமென்ட் லெட்டரில் ‘உங்கள் பங்களிப்புக்கு நன்றி’ என்று மட்டும் தவறாமல் வருகிறது.

பேரிங்கை அறுக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். வளையம் தெறிக்கும்.