நெல்லையிலிருந்து லடாக்குக்கு பைக்கில் போக என்னென்ன வாங்க வேண்டும்?

கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது இவ்வளவு: ஊர் அம்பாசமுத்திரம். வண்டி ஸ்போக் சக்கரம் போட்ட 350 சிசி. ஜூன் முதல் வாரம் கிளம்பி ஸ்ரீநகர் வழியாக லே வரை தனியாகப் போக வேண்டும். பொருட்கள் வாங்க மட்டும் கையில் 40,000 ரூபாய். "லடாக் குளிருக்கு எந்த ஜாக்கெட் நல்லது, வேறு என்ன வாங்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பாளையங்கோட்டை. அந்தப் பாதையில் போய் வந்திருக்கிறேன். நண்பர்கள் யாராவது கிளம்பினால் கடைக்கும் கூடவே போவேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், லடாக் குளிருக்கு என்று ஜாக்கெட் வாங்காதீர்கள். நம்ம ஊர் வெயிலுக்கு வாங்குங்கள்.

வரைபடத்தைத் திறந்து பாருங்கள். நம்ம ஊரைத் தொட்டுப் போகிற 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையேதான் ஸ்ரீநகர் வரை போகிறது. மதுரை, சேலம், பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா, டெல்லி, ஜம்மு. ஜூன் தொடக்கத்தில் இதில் பெங்களூரு பக்கம் மட்டும்தான் கொஞ்சம் இதம். நாக்பூரிலும் ஜான்சியிலும் அந்த நேரத்தில் 42, 43 டிகிரி சாதாரணம். குளிர் என்று ஒன்று வருவது ஜம்முவைத் தாண்டி மலை ஏறிய பிறகுதான். மொத்தப் பாதையில் முக்கால் பங்குக்கு மேல் வெயில்தான். உள்ளே பஞ்சு வைத்த தடித்த ஜாக்கெட் வாங்கியவர்கள் கயத்தாறு வருவதற்குள் ஜிப்பைத் திறந்துவிடுகிறார்கள், சாத்தூரில் கழற்றிப் பின்சீட்டில் கட்டிவிடுகிறார்கள். பின்சீட்டில் கட்டிய ஜாக்கெட் யாருடைய முழங்கையையும் காப்பாற்றாது. லாரிகளும் வேகமும் அதிகமாக இருக்கிற நாலு வழிச் சாலையில்தான் அதைக் கழற்றி வைக்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிற விஷயம்.

ஆகவே வலைத்துணி ஜாக்கெட், அதாவது மெஷ் ஜாக்கெட். நெஞ்சும் கையும் காற்றுப் புகும் வலையாக இருக்கலாம். தோள், முழங்கை, கீழே விழுந்தால் தரையில் உரசும் வெளிக்கை ஆகிய இடங்களில் வலை இருக்கக் கூடாது, தடித்த துணி இருக்க வேண்டும். உள்ளே இருக்கிற பாதுகாப்புப் பட்டைகளை வெளியே உருவிப் பாருங்கள். தோள், முழங்கைப் பட்டைகளில் இஎன் 1621-1 என்ற ஐரோப்பியத் தர எண்ணும் 1 அல்லது 2 என்ற நிலையும் அச்சிட்டிருக்கும். சோதனையில் அடி விழும்போது மறுபக்கம் கடத்துகிற விசை முதல் நிலையில் சராசரி 35 கிலோநியூட்டன் வரை இருக்கலாம். இரண்டாம் நிலையில் 20க்குள் அடங்க வேண்டும். அந்த அளவு வித்தியாசத்துக்குக் கூடுதலாக ஆயிரம் ரூபாய் கொடுப்பது நியாயம்தான். முதுகுக்கு இஎன் 1621-2. இங்கேதான் பல ஜாக்கெட்டுகளில் எந்த எண்ணும் இல்லாத வெறும் ஃபோம் துண்டைச் சொருகி வைத்திருப்பார்கள். அதை எடுத்துவிட்டு, முத்திரை உள்ள முதுகுப் பட்டையைத் தனியாக வாங்கிப் போடுங்கள்.

அளவு பார்க்கும்போது நின்றுகொண்டு பார்த்தால் போதாது. கடைக்கு வண்டியிலேயே போய், ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஹேண்டிலைப் பிடித்து உட்காருங்கள். முழங்கைப் பட்டை அப்போதும் முழங்கை மேலேயே இருக்க வேண்டும். கையால் பிடித்துத் திருகினால் அது பக்கவாட்டில் நழுவினால், அந்த அளவு உங்களுக்குப் பெரிது. "உள்ளே ஸ்வெட்டர் போட இடம் வேண்டும்" என்று ஒரு அளவு பெரிதாக எடுக்கச் சொல்வார்கள். கேட்காதீர்கள். ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால் திருப்பி அனுப்ப வசதி உள்ள இடத்தில் மட்டும் வாங்குங்கள்.

சரி, குளிருக்கு என்ன செய்வது? ஸ்ரீநகரிலிருந்து லே போகிற வழியில் சோஜி லா கணவாய் ஏறக்குறைய 3,500 மீட்டர், ஃபோட்டு லா கணவாய் 4,100 மீட்டர், லேயிலிருந்து கார்துங் லா ஏறினால் 5,359 மீட்டர். ஜூனிலும் சாலையோரம் பனி கிடக்கும். அங்கே உடம்பை நடுக்குவது காற்றுதான். மெஷ் ஜாக்கெட்டுக்குள் ஒரு தெர்மல், அதாவது குளிர் தாங்கும் உள்ளாடை, அதற்கு மேல் ஃப்ளீஸ் என்கிற மெல்லிய செயற்கைக் கம்பளிச் சட்டை, ஜாக்கெட்டுக்கு வெளியே மழைக்கோட்டு. மழைக்கோட்டு காற்றை முழுசாக அடைத்துவிடும், அந்தச் சில நாட்களுக்கு அது போதும். ஜாக்கெட்டோடு வருகிற, உள்ளே மாட்டும் மழை லைனரை நம்ப வேண்டாம். மழை தொடங்கியதும் ரோட்டோரம் நின்று ஜாக்கெட்டைக் கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். வெளித்துணி நனைந்து கனத்துவிடும். அடுத்த நாள் காலை ஈர ஜாக்கெட்டைத்தான் போட வேண்டும். வெளியே போடுகிற, தையல்களுக்கு உள்பக்கம் டேப் ஒட்டிய மழைக்கோட்டும் பேண்டும் தனியாக வாங்குங்கள். மழைப் பேண்டு ஒழுகுவது எப்போதும் கவட்டுத் தையலில்தான். அந்த இடத்தைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.

வெயிலுக்கு இன்னொரு விஷயம். காற்றின் சூடு உடம்புச் சூட்டைத் தாண்டிய பிறகு வெறும் காற்று குளிர்ச்சி தராது; ஈரம் உலர்ந்தால்தான் குளிரும். உள்ளே பருத்தி பனியனுக்குப் பதிலாக உடம்போடு ஒட்டிய முழுக்கை பாலியெஸ்டர் உள்ளாடை போடுங்கள். பெட்ரோல் பங்கில் நிற்கும்போதெல்லாம் அதைத் தண்ணீர் விட்டு நனைத்துக்கொண்டு கிளம்புங்கள். முதுகில் மாட்டும் இரண்டு லிட்டர் தண்ணீர்ப் பை, பாக்கெட்டில் ஓஆர்எஸ் பொட்டலங்கள். அப்புறம், இடுப்புக்குக் கீழே தையல் தடிப்பு இல்லாத சைக்கிள் ஷார்ட்ஸ். ஜட்டித் தையல் ஒரு நாளுக்குப் பெரிதாகத் தெரியாது. தொடர்ந்து பல நாள் வியர்வையோடு உட்கார்ந்தால் தோல் உரிந்துவிடும், அதன் பிறகு பயணத்தில் வேறெதுவும் மனதில் நிற்காது. இதை யாரும் வெளியே சொல்வதில்லை என்பதால் சொல்கிறேன்.

ஹெல்மெட்டில் விலையைவிட தலைக்குப் பொருந்துவது முக்கியம். 2021 ஜூன் முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஹெல்மெட்டை நம் நாட்டில் விற்கவே கூடாது. முத்திரையோடு சிஎம்/எல் என்று தொடங்கும் ஓர் எண் இருக்கும். அதை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பார்த்தால் உண்மையா என்று தெரியும். முழு முகம் மூடியது மட்டும் வாங்குங்கள். தாடையோடு மேலே தூக்குகிற வகை வெயிலில் வசதிதான், ஆனால் அதே விலையில் சாதாரண முழு முக ஹெல்மெட் கனம் குறைவாகக் கிடைக்கும்; நாள் முழுக்க ஓட்டும்போது கழுத்துக்கு அது தெரியும். கடையில் அரை மணி நேரம் தலையிலேயே வைத்திருங்கள். கன்னம் இறுகினால் பரவாயில்லை, ஓட்ட ஓட்ட இளகிவிடும். நெற்றியில் ஒரு புள்ளியில் வலித்தால் அந்த ஹெல்மெட்டின் வடிவம் உங்கள் தலைக்குச் சேராது. கண்ணாடி நிறமில்லாததாகவே இருக்கட்டும். 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் காற்றிரைச்சலே 90 டெசிபல் பக்கம் வந்துவிடும். மருந்துக் கடையில் கிடைக்கிற ஃபோம் காதடைப்பான் சில ரூபாய்தான். சாயங்காலத் தலைவலியும் அசதியும் பாதியாகக் குறையும்.

கையுறையில் உள்ளங்கை அடிப்பகுதியைப் பாருங்கள். விழும்போது முதலில் கையைத்தான் ஊன்றுவோம். அங்கே வழுக்கிப் போகிற கெட்டித் துண்டு இருந்தால் மணிக்கட்டு எலும்பு தப்பும். ஷூவில் கணுக்கால் மூடியிருக்க வேண்டும். தொழிற்சாலை சேஃப்டி ஷூ விரலைக் காக்கும், கணுக்கால் திருகுவதைத் தடுக்காது. பேண்டா, ஜீன்ஸுக்கு மேல் மாட்டும் முழங்கால் கவசமா என்றால் நான் பேண்டுதான் சொல்வேன். கவசத்தின் பட்டை நம்ம ஊர் வெயிலில் முழங்காலுக்குப் பின்னால் அறுத்துவிடும், மதியத்துக்கு மேல் கழற்றத் தோன்றும்.

பெட்டி, பை விஷயத்தில் பணத்தை மிச்சம் பிடிக்கலாம். பக்கவாட்டு இரும்புப் பெட்டிகளும் அதற்கான ஃப்ரேமும் சேர்ந்தால் உங்கள் பட்ஜெட்டில் பாதி போய்விடும், கனமும் கூடும். நம்ம பக்கம் லாரிக்குப் படுதா தைக்கிறவர்களிடம் அளவு சொன்னால், வாயைச் சுருட்டி மடக்குகிற மாதிரி உருளைப் பை தைத்துத் தருவார்கள். உள்ளே ஒரு தடித்த பிளாஸ்டிக் பை போட்டுவிட்டால் மழைக்கும் கவலையில்லை. கட்டுவதற்குக் கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு வேண்டவே வேண்டாம். இழுக்கும்போது கொக்கி நழுவினால் கண்ணுக்குத்தான் வரும். பழைய டியூப்பை நீளமாக அறுத்த பட்டையோ, பக்கிள் வைத்த நாடாவோ போதும். கனமான சாமான்கள் கீழேயும் நடுவிலும், துணிமணி மேலே. உயரமாக அடுக்காதீர்கள். வண்ணாரப்பேட்டையில் என் வண்டியைப் பார்க்கிற மெக்கானிக் அண்ணாச்சி, யார் வடக்கே போகிறேன் என்று வந்தாலும், "வண்டி தாங்கும் தம்பி, நீங்க தாங்கணும்லா. பாதியை வீட்ல வச்சிட்டுப் போங்க" என்பார். அவர் சொல்வதைக் கேளுங்கள்.

ஸ்போக் சக்கரம் என்பதால் உங்களுக்குப் பெரும்பாலும் டியூப் டயர்தான் இருக்கும். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று டியூப், டயரை நெம்பிக் கழற்ற இரண்டு டயர் லிவர், ஒரு சின்னப் பம்ப். இவற்றை வாங்கி வைத்தால் மட்டும் போதாது. தெரிந்த பஞ்சர் கடைக்குப் போய், அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க, நீங்களே பின்சக்கரத்தைக் கழற்றி டியூப் மாற்றி மாட்டுங்கள். தமிழ்நாட்டில் தூரம் போகாமல் பஞ்சர் கடை வந்துவிடும். ஸ்ரீநகருக்கு அடுத்து வரும் சோனமார்க்கைத் தாண்டினால் அப்படி இல்லை. கிளட்ச் கேபிள் ஒன்று புதிதாக வாங்கி, இப்போது இருக்கிற கேபிளோடு சேர்த்து ஒட்டினாற்போலக் கட்டி வைத்துவிடுங்கள். பழையது அறுந்தால் புதியதன் இரண்டு முனையையும் மாட்டினால் வேலை முடிந்தது. ஃப்யூஸ், ஸ்பார்க் பிளக், செயின் கண்ணிகளை இணைக்கிற செயின் லாக், வண்டிக்குப் பொருந்துகிற ஸ்பேனர்கள், இன்சுலேஷன் டேப், கேபிள் டை. செயினுக்கு 500 கிலோமீட்டருக்கு ஒரு முறை எண்ணெய். டயர் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் கிளம்புவதற்கு முன்பே மாற்றுங்கள். மழைக்கோட்டைவிட, ஃபிளீஸைவிட அதுதான் அவசரம்.

தோராயமாகக் கணக்குப் போட்டால் ஹெல்மெட் 5,000, ஜாக்கெட் 10,000, பேண்டு 7,000, ஷூ 8,000, கையுறை 3,000. மழைக்கோட்டும் பேண்டும் 2,500, பை 1,500, டியூப், கேபிள், கருவிகள் 3,000. மொத்தம் 40,000. தெர்மலும் ஃப்ளீஸும் யாரிடமாவது இரவல் வாங்கிக்கொள்ளலாம், டயர் செலவைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பணம் குறைந்தால் பையிலும் பேண்டிலும் குறையுங்கள்; ஹெல்மெட்டிலும் முதுகுப் பட்டையிலும் குறைக்காதீர்கள்.

வாங்கியதையெல்லாம் ஏப்ரல், மே மாதத்திலேயே போட்டு ஓட்டத் தொடங்குங்கள். முழு கியரோடு மதியம் கோவில்பட்டி வரை போய்த் திரும்புங்கள். எங்கே உரசுகிறது, எங்கே இறுகுகிறது என்று அன்றைக்கே தெரிந்துவிடும். மே கடைசியில் காற்று ஏறத் தொடங்கும்போது, சாமான் முழுவதும் கட்டிக்கொண்டு நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு வழியாக ஆரல்வாய்மொழிக் கணவாய் வரை ஒரு நாள் போங்கள். காற்றாலை அவ்வளவும் அங்கே வந்து நிற்பதற்குக் காரணமான காற்று அது. உயரமாகக் கட்டிய மூட்டை பாய்மரம் மாதிரி வண்டியைப் பக்கத்து லேனுக்குத் தள்ளும். வீட்டுக்கு வந்ததும் பையைப் பிரித்து எதைக் குறைக்கலாம் என்று தானாகவே பார்ப்பீர்கள். குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் இன்னும் நல்லது. செங்கோட்டை தாண்டி புளியரை எஸ் வளைவு ஏறி ஆரியங்காவு வரை மழைக்கோட்டோடு போய் வந்தால், ஈரச் சாலையில் டயரும், கவட்டுத் தையலும் எப்படி என்று தெரிந்துவிடும்.

கடைசியாக போன். ஹேண்டிலில் மாட்டுவதாக இருந்தால் அதிர்வைத் தாங்கும் டேம்பர் வைத்த மவுன்ட் வாங்குங்கள். பைக் எஞ்சின் அதிர்வு கேமராவைக் கெடுக்கும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்திருக்கிறது. பழைய போன் ஒன்று இருந்தால் வழி பார்க்க அதையே மாட்டிவிடலாம். உங்கள் சிம் ப்ரீபெய்டா? வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டுதான் வேண்டும். மாறுவதற்குச் சில நாள் ஆகலாம் என்பதால் மே மாதமே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.