நெல்லுக்கு வைக்கும் மாத்திரையைப் புத்தக அலமாரியில் வைக்கலாமா?

கேள்வி: எங்கள் பாட்டனார் சேர்த்த அரபுத்தமிழ் (அரபு எழுத்தில் எழுதிய தமிழ்) நூல்களும் பழைய தமிழ் நூல்களும் ஒரு மர அலமாரியில் உள்ளன. பலவற்றில் சிறு துளைகள் விழுந்து, அடியில் மாவு கொட்டிக் கிடக்கிறது. நெல் மூட்டைக்கு வைக்கும் மாத்திரை இரண்டை உள்ளே வைத்துப் பூட்டச் சொல்கிறார்கள். செய்யலாமா?
– வாசகி, கீழக்கரை

பதில்: வேண்டவே வேண்டாம், அம்மா. அந்த மாத்திரையில் இருப்பது அலுமினியம் பாஸ்பைடு. காற்றின் ஈரம் பட்டாலே அதிலிருந்து பாஸ்பீன் என்னும் நச்சு வாயு கிளம்பும். கடலோரத்தில் ஈரத்துக்குக் குறைவே இல்லை. அலமாரி இடுக்குகளின் வழியே கசியும் அவ்வாயு, அதே வீட்டில் உறங்குவோரின் உயிரையே பறித்துவிடும். ஏற்கெனவே வைத்துவிட்டிருந்தால், அதைத் தொடாமல், தண்ணீர் ஊற்றாமல், எல்லோரும் உடனே வெளியேறித் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

நீங்கள் சொல்லும் துளையும் மாவும் வண்டுப் புழுவின் வேலை. இராமபாணப் பூச்சி தாளின் மேற்பரப்பைச் சுரண்டித் தின்னுமே தவிர இப்படித் துளைத்துச் செல்லாது. சேதம் பழையதாகவும் இருக்கலாம் என்பதால், முதலில் நூல்களைக் கறுப்புத் தாளின்மேல் வைத்துச் சில வாரங்கள் கவனியுங்கள். புதிய மாவு உதிர்ந்தால் புழு உயிரோடிருக்கிறது.

அப்போது குளிரே நல்ல மருந்து. நூலைப் பாலித்தீன் பையிலிட்டு, காற்றை வெளியேற்றி, வாயை நாடாவால் ஒட்டி, மைனஸ் 18 பாகை செல்சியஸுக்குக் கீழே செல்லும் உறைபெட்டியில் 2 வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பின் ஒரு முழுநாள் பையைப் பிரிக்காதீர்கள். அவசரப்பட்டால் குளிர்ந்த தாளில் நீர் கோத்துவிடும். மீன் பெட்டியில் ஐஸுக்கு நடுவே வைப்பது பயன்படாது. ஐஸின் குளிர் 0 பாகை அளவே என்பதால் புழு பிழைத்துக்கொள்ளும். தோல் அட்டை போட்ட நூல்களையும் ஓலைச்சுவடிகளையும் மட்டும் வீட்டில் உறைய வைக்காமல், சுவடிப் பாதுகாப்பு அறிந்தவரிடம் காட்டுங்கள்.

வெயிலில் பரப்பினால் தாள் பழுத்து நொறுங்கும். தாள் மடிப்புகளில் வெள்ளைப் பொடி தென்பட்டால் ஊதாதீர்கள். அந்நாளில் தூவிய பி.எச்.சி. என்னும் பூச்சிக்கொல்லி போன்ற நஞ்சாக இருக்கலாம். முகக்கவசமும் கையுறையும் அணிந்த பிறகே அந்நூலைக் கையாளுங்கள்.

மீண்டும் அடுக்குமுன் அலமாரியின் மரத்தையும் பாருங்கள். அதிலும் துளையிருந்தால் நூல்கள் அங்கே திரும்ப வேண்டாம். எந்த அலமாரியானாலும் சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி நிற்கட்டும்; ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய சுவரின் ஈரமே பூச்சிகளை அழைத்து வருகிறது.