லாஸ் வேகஸின் ரெட் ராக் கேசினோ ரிசார்ட் ஏன் நகர மையத்தில் இல்லாமல் புறநகரில் இருக்கிறது? அங்கே என்ன இருக்கிறது?

உள்ளூர்க்காரர்களை நம்பிக் கட்டியது அது. பெரிய கேசினோக்கள் வரிசையாக நிற்கும் ஸ்ட்ரிப் சாலை சுற்றுலாப் பயணிகளுக்கு. அந்த நெரிசலில் போய் மாட்டிக்கொள்ள உள்ளூர்வாசிக்கு மனம் வராது. அதனால் ஸ்டேஷன் கேசினோஸ் நிறுவனம் 2006 ஏப்ரலில், சுமார் 92.5 கோடி டாலர் செலவில், சம்மர்லின் என்ற புறநகரில் இதைத் திறந்தது. (சம்மர்லின் என்பது கோடீஸ்வரர் ஹோவர்ட் ஹியூஸின் பாட்டியின் குடும்பப் பெயர். நிலம் ஹியூஸ் வாங்கிப் போட்டது.)

முதலில் 300 அடிக் கோபுரம் என்றார்கள். மேற்கே இருக்கும் செம்பாறை மலை மறைந்துவிடும் என்று அக்கம்பக்கத்தார் கொதித்ததும் 200 அடிக்குள் குறைத்துக்கொண்டார்கள்.

நீச்சல் குளம், ஸ்பா எல்லாம் வழக்கம்போல. கவனிக்க வேண்டியது 72 தடப் பௌலிங் கூடமும் திரையரங்கும்தான். நெவாடாவில் 21 வயதுக்குட்பட்டோர் சூதாட முடியாது. பிள்ளைகள் அங்கே பந்து உருட்டினால்தானே அப்பா நிம்மதியாகச் சீட்டு மேசையில் உட்கார முடியும்!