உலகப் பொருளாதார ஏற்றத்தாழ்வைப் புரிந்துகொள்ள மார்க்சியம் இன்றும் உதவுமா?

உதவும். கொழும்பில் இருந்துகொண்டு என்னால் வேறு பதில் சொல்ல முடியாது.

யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்ள மார்க்ஸ் தேவையில்லை. 2022ஆம் ஆண்டு உலக ஏற்றத்தாழ்வு அறிக்கையே போதும்: உலகச் சொத்தில் 76 சதவீதம் மேலே உள்ள 10 சதவீதத்தினரிடம், 2 சதவீதம் கீழ்ப்பாதி மக்களிடம். அந்த 76 எந்த வழியாக அங்கே போய்ச் சேருகிறது என்பதற்குத்தான் மார்க்ஸ் வேண்டும்.

ஆடை ஏற்றுமதி ஆவணங்கள் தயாரிப்பது என் வேலை. 1978இல் தொடங்கிய, ஏற்றுமதித் தொழிற்சாலைகள் நிறைந்த கட்டுநாயக்க வர்த்தக வலயத்திலிருந்து போகும் பல உடுப்புகளுக்கு, கடை விலை அச்சிட்ட அட்டையை இங்கேயே மாட்டி அனுப்புகிறார்கள். யூரோவில் விலை போட்ட அட்டை. அதை மாட்டுகிற பிள்ளைக்கு அந்தச் சட்டை பாரிஸில் என்ன விலைக்குப் போகும் என்று தெரியும். இன்வொய்ஸில் தொழிற்சாலைக்கு வரும் விலை அதில் ஒரு சின்னத் துண்டு. துணி, நூல், பட்டன் எல்லாம் போக மிஞ்சுவதில்தான் அவளுடைய சம்பளம்.

தொழிலாளி தன் சம்பளத்துக்கு ஈடான மதிப்பை வேலை நாளின் ஒரு பகுதியிலேயே உண்டாக்கிவிடுகிறார், மீதி நேரத்து உழைப்பின் பலன் வேறு கைக்குப் போகிறது என்பதுதான் உபரி மதிப்பு. 1867இல் மார்க்ஸ் இதை எழுதியபோது ஆலை முதலாளி கண்ணெதிரே இருந்தார். இன்று சட்டையில் பெயர் போடும் கம்பனிக்கு இங்கே சொந்தமாக ஒரு தையல் மெஷின்கூட இருப்பதில்லை. "அடுத்த ஓடர் பங்களாதேஷுக்கு" என்று ஒரு மெயில் வந்தால் போதும், விலைப் பேச்சு முடிந்துவிடும். வலயத்துக்குள்ளும் அதே கதைதான்: நிரந்தர வேலைக்காரர் சம்பளம் கூட்டிக் கேட்டால், மேன்பவர் ஏஜென்சி மூலம் நாள்கூலிக்கு ஆள் எடுக்கலாம். வேலை தேடி நிற்கும் பட்டாளம் என்று மார்க்ஸ் சொன்னது இதைத்தான்.

அப்புறம் கடன். 2022 ஏப்ரலில் நாடு வங்குரோத்தானது. அடுத்த வருடம் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோது, அதன் பாரத்தைச் சுமந்தது ஊழியர் சேமலாப நிதி, அதாவது தனியார் துறைத் தொழிலாளர்களின் ஓய்வுகாலச் சேமிப்பு. அந்த நிதி வைத்திருந்த திறைசேரி முறிகளை, அதாவது அரசாங்கக் கடன் பத்திரங்களை, 2025 வரை 12 சதவீதமும் அதன்பின் 9 சதவீதமும் வட்டி தரும் புதிய முறிகளாக மாற்றச் சொன்னார்கள். மறுத்திருந்தால் வருமான வரி 14இலிருந்து 30 சதவீதமாகியிருக்கும். வங்கிகள் வைத்திருந்த திறைசேரி முறிகளைத் தொடவில்லை. வங்கிகள் ஏற்கெனவே தள்ளாடுகின்றன என்பது சொன்ன காரணம், அதில் உண்மையும் உண்டு. வெளிநாட்டு முறிதாரர்களும் இழந்தார்கள். ஆனால் அவர்கள் ஆலோசகர்களை வைத்துப் பேரம் பேசி, 2024 டிசம்பரில்தான் முடித்தார்கள். அட்டை மாட்டுகிற பிள்ளையிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதை வெறும் நிர்வாகக் கோளாறு என்று விளக்க முடியாது. யாருக்குப் பேரம் பேசும் பலம் இருந்தது என்று பார்த்தால்தான் விளங்கும்.

சரி, எங்கே போதாது? சீனாவில் பல கோடிப் பேர் கொடிய வறுமையிலிருந்து மேலே வந்ததை, தொழிலாளர் நிலை மோசமாகிக்கொண்டே போகும் என்ற பழைய வாசிப்பால் விளக்க முடியாது. எனக்கு அதைவிடப் பெரிய குறை, இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்கள் வாழும் மலையகம். தேயிலைத் தோட்டத்துக் கூலி இவ்வளவு காலம் அடிமட்டத்தில் கிடந்ததற்கு வர்க்கம் மட்டும் காரணமில்லை. 1948 குடியுரிமைச் சட்டம் அந்த மக்களை நாடற்றவர்களாக்கியது, வாக்கும் போனது. வாக்கில்லாத தொழிலாளிக்கு எந்த அரசாங்கமும் பயப்படத் தேவையில்லை. இடதுசாரிகள் அந்தச் சட்டத்தை எதிர்த்தார்கள் என்பதை மரியாதையோடு சொல்ல வேண்டும். ஆனால் 1964இல், 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்பும் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் (இரு நாட்டுப் பிரதமர்களும் செய்தது) கையெழுத்தானபோது, அந்த இடதுசாரிகளில் ஒன்றான லங்கா சமசமாஜக் கட்சி அரசாங்கத்துக்குள் இருந்தது. அதன் தலைவர் என்.எம்.பெரேரா நிதி அமைச்சர். நாட்டின் மிகப் பெரிய தொழிலாளர் கூட்டத்தையே பிரித்து அனுப்பும் முடிவு அது.