சாரத்திலிருந்து சுத்தியல் விழுந்தால்...

கேள்வி: போன மாதம் மூன்றாம் மாடிச் சாரத்திலிருந்து சுத்தியல் நழுவி, கீழே நின்ற சித்தாள் தலையில் பட்டது. ஒரு நிமிஷம் நினைவில்லை. பிறகு எழுந்து, "ஒண்ணுமில்லண்ணே" என்று வேலைக்குப் போய்விட்டார். அப்படி விட்டது சரியா? இனி எல்லோரும் ஹெல்மெட் போட்டால் போதுமா?
- கட்டட மேஸ்திரி, திருப்பூர்

பதில்: நினைவு ஒரு நொடி தப்பினாலும் அன்று வேலைக்கு விடக் கூடாது. நெற்றிப்பொட்டுப் பக்கம் மண்டை ஓடு மெல்லியது. உள்ளே அதை ஒட்டியே ஒரு தமனி ஓடுகிறது. எலும்பில் விரிசல் விட்டால் அது கிழிந்து, எலும்புக்கும் மூளை உறைக்கும் நடுவே ரத்தம் சேரும். ஓரளவு சேரும் வரை ஆள் தெளிவாகத்தான் பேசுவார். சில மணி நேரத்தில் தலைவலி கூடும், வாந்தி வரும், கண்ணைச் சொருகும். 'அசதி, தூங்கட்டும்' என்று விட்டால் உயிரே போய்விடும். 108-ஐக் கூப்பிட்டு, சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கு அனுப்புங்கள். பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோக வேண்டாம், கழுத்திலும் அடி இருக்கலாம். அந்தச் சித்தாளுக்கு இப்போது தலைவலியோ தடுமாற்றமோ இருந்தால் உடனே காட்டுங்கள். மெதுவான கசிவு சில வாரம் கழித்தும் தெரியவரும்.

ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை மடித்து, நடுவில் எடுத்துப் பார்க்காமல் 10 நிமிடம் அழுத்துங்கள். நனைந்தால் அதன் மேலேயே இன்னொரு துணி. காபித்தூள் வைக்கவே கூடாது. எலும்பு அமுங்கியதுபோல் இருந்தால் அழுத்தாமல் மூடிவையுங்கள். காதில் நீர்போல வடிந்தால் பஞ்சால் அடைக்காதீர்கள்.

ஹெல்மெட் கட்டாயம் வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது. ஈஎன் 397 என்ற ஐரோப்பியத் தரத்தில் 5 கிலோ எடையை 1 மீட்டர் உயரத்திலிருந்து போட்டுச் சோதிக்கிறார்கள்; அடியின் ஆற்றல் சுமார் 49 ஜூல் (ஜூல் என்பது ஆற்றலை அளக்கும் அலகு). 1 கிலோ சுத்தியல் 10 மீட்டரிலிருந்து விழுந்தால் 98 ஜூல், வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். ஆகவே விழாமல் தடுப்பதுதான் முதல் வேலை. சாரப் பலகை ஓரத்தில் 15 செ.மீ. உயரத்துக்குத் தடுப்புப் பலகை அடியுங்கள். சுத்தியல் பிடியைக் கயிற்றால் சாரத்தோடு கட்டுங்கள். மேலே வேலை நடக்கும்போது கீழே நடமாட்டத்தைக் கயிறு கட்டி மறியுங்கள்.

சுத்தியல் தலை ஆடினால் தண்ணீரில் ஊறப்போடும் பழக்கத்தையும் விடுங்கள். மரம் ஊறி அன்றைக்கு இறுகும், காய்ந்ததும் முன்னைவிடத் தளரும். புது ஆப்பு அடியுங்கள், இல்லாவிட்டால் பிடியையே மாற்றுங்கள். பலத்த அடி வாங்கிய ஹெல்மெட்டில் விரிசல் தெரியாவிட்டாலும் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.