இன்ஸ்டால் பாதியில் நிற்கிறதா? கேளுங்கள்

விண்டோஸோ லினக்ஸோ, இன்ஸ்டால் நடுவில் நின்றுபோன கேள்விகள் மட்டும். "நின்னுடுச்சு" என்று எழுதினால் எனக்குப் பிடி கிடைக்காது. எந்தத் திரை, எத்தனை சதவீதம், டிஸ்க் லைட் மினுக்குகிறதா, அதையும் எழுதுங்கள். தொடங்குமுன் டேட்டாவை வேறு டிஸ்க்குக்கு எடுத்துவிடுங்கள். இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், கோபப்படாதீர்கள்.

கே: பழைய லேப்டாப்பில் உபுண்டு போடுகிறேன் அண்ணா. ஃபைல் காப்பி ஆகும்போது அப்படியே நிற்கிறது, ஆனால் மவுஸ் நகர்கிறது. ராம் போயிருக்குமா?

ப: மவுஸ் நகர்கிறது என்று எழுதினீர்களே, அதுதான் முக்கியம். மெஷின் உறைந்துபோகவில்லை, எதையோ படிக்கவோ எழுதவோ முடியாமல் காத்துக்கிடக்கிறது. "ட்ரை உபுண்டு" வழியாக உள்ளே போய், டெர்மினலில் (கட்டளை அடிக்கும் விண்டோ) sudo dmesg -w என்று அடித்து மெஷினின் உள்செய்திகளை ஓட விட்டு, பக்கத்திலேயே இன்ஸ்டாலைத் தொடங்குங்கள். நிற்கிற நேரத்தில் என்ன வரி விழுகிறது என்று பாருங்கள். "ஸ்குவாஷ்எஃப்எஸ் எரர்" (SQUASHFS error; பென்டிரைவில் உபுண்டு ஃபைல்களைச் சுருக்கி வைத்திருக்கும் பொதியில் பிழை) என்று விழுந்தால் ஹார்ட் டிஸ்க் மேல் பழி போடாதீர்கள். பென்டிரைவிலிருந்து படிப்பதில்தான் கோளாறு. டவுன்லோட் செய்த ஐஎஸ்ஓவின் (இன்ஸ்டால் ஃபைல்) எஸ்ஹெச்ஏ256 எண்ணை (ஃபைல் பழுதாகாமல் வந்ததா என்று காட்டுவது) உபுண்டு தளத்தில் இருப்பதோடு ஒப்பிட்டுவிட்டு, வேறு பென்டிரைவில், வேறு போர்ட்டில் போடுங்கள்.

"ஐ/ஓ எரர்" (I/O error; படிப்பதில், எழுதுவதில் பிழை) என்று விழுந்தால், கூடவே வரும் டிஸ்க் பெயரைக் குறித்துக்கொண்டு, அது பென்டிரைவா உள்ளே இருக்கும் டிஸ்க்கா என்று டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே (lsblk) கட்டளையில் பாருங்கள். உள்டிஸ்க் என்றால் அதன் ஸ்மார்ட் அறிக்கையில் (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே எழுதிவைக்கும் பட்டியல்) 5 (கெட்டுப்போய் மாற்றிவைத்த செக்டர்கள்), 197 (சந்தேகத்தில் இருக்கும் செக்டர்கள்) என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். செக்டர் என்பது டேட்டா வைக்கும் சின்னத் துண்டு. 197-இன் கடைசிப் பத்தியில் பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் டிஸ்க்கால் படிக்க முடியாத செக்டர்கள் இருக்கின்றன, அதில் மறுபடி மறுபடி இன்ஸ்டால் முயற்சி செய்வது அதைச் சீக்கிரம் சாகடிக்கும் வேலை. முதலில் போட்டோ, டாக்குமென்ட் எல்லாவற்றையும் எடுங்கள். 199 (டேட்டா வந்துபோகும் வழியில் நேர்ந்த பிழைகள்) மட்டும் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கைத் தூக்கிப் போடாதீர்கள், அதை இணைக்கும் சாட்டா கேபிளைப் பாருங்கள்.

ராம் கடைசியில். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை ஒரு சுற்று ஓட்டிவிட்டு நல்லா இருக்கு என்று சொல்லாதீர்கள், ராத்திரி முழுக்க ஓடட்டும்.

கே: விண்டோஸ் 11 போடும்போது டிஸ்க்கே காட்டவில்லை, அதற்கு மேல் போக முடியவில்லை. 11-ஆம் தலைமுறை இன்டெல்.

ப: பெரும்பாலும் விஎம்டி, அதாவது இன்டெல்லின் தனி டிரைவர் இல்லாமல் டிஸ்க்கைக் காட்டாத அமைப்பு. லேப்டாப் கம்பெனி தளத்திலிருந்து இன்டெல் ரேப்பிட் ஸ்டோரேஜ் டிரைவரை எடுத்து, விரித்து, பென்டிரைவில் போட்டு "லோட் டிரைவர்" கொடுங்கள். பயாஸில் (மெஷின் தொடங்கும்போதே திறக்கும் செட்டிங்) விஎம்டியை அணைத்தாலும் டிஸ்க் தெரியும், ஆனால் ஏற்கெனவே இருக்கும் விண்டோஸ் பூட் ஆகாமல் போகலாம். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) இருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீயை எழுதி வைக்காமல் பயாஸ் பக்கமே போகாதீர்கள்.

கே: என்விடியா கார்டு. லினக்ஸ் மெனு வந்ததும் கருப்புத் திரை.

ப: நோமோட்செட் (nomodeset), திரை மோடை லினக்ஸ் மாற்றாமல் தடுக்கும் சொல். மெனுவில் 'இ' அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் சேர்த்து, எஃப்10.

கே: சார், விண்டோஸ் பாதியில் நின்னுடுச்சு. என்ன செய்ய?

ப: மேலே முதல் பத்தி.

கே: "மீடியா டிரைவர் மிஸ்ஸிங்" என்று வந்து நிற்கிறது. எந்த டிரைவர் தேட வேண்டும்? பென்டிரைவ் வென்டாயில் (பல ஐஎஸ்ஓக்களை ஒரே பென்டிரைவில் வைத்து பூட் செய்யும் கருவி) செய்தது.

ப: எதையும் தேடாதீர்கள். அந்தச் செய்தி ஆளைச் சுற்றவிடும். அநேகமாக ஐஎஸ்ஓ பழுது, அல்லது பென்டிரைவோ போர்ட்டோ சரியில்லை. வென்டாய் இல்லாமல் தனி பென்டிரைவில் செய்து பாருங்கள்.

கே: வென்டாயை ஏன் குறை சொல்கிறீர்கள்? கடையில் வருகிற மெஷினுக்கெல்லாம் அதில்தான் போடுகிறேன்.

ப: நானும்தான் வைத்திருக்கிறேன். நல்லபடியாக ஓடும்போது அதைப்போல வசதி கிடையாது. ஆனால் ஒன்று நின்றுவிட்டால், நடுவில் இருக்கும் அடுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கத்தானே வேண்டும்?

கே: அப்படியென்றால் பூட் பென்டிரைவ் செய்யும் ரூஃபஸும் அடுக்குதானே? என்டிஎஃப்எஸ் ஃபார்மேட்டில் இருக்கும் பென்டிரைவ் பூட் ஆகத் தனியாக ஒரு சின்ன லோடரைச் சேர்க்கிறது, டிபிஎம் (விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு சிப்) சோதனையையும் எடுத்துவிடுகிறது.

ப: டிபிஎம் விஷயம் அந்தக் கட்டத்தில் டிக் இருந்தால்தான். லோடர் விஷயம் சரி. எஃப்ஏடி32 ஃபார்மேட்டில் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைல் நிற்காது, விண்டோஸ் ஐஎஸ்ஓவுக்குள் இருக்கும் இன்ஸ்டால்.விம் ஃபைல் அதைத் தாண்டிவிடுகிறது, அதற்காகத்தான் அந்த வேலை. அதனால்தான் சந்தேகம் வந்தால் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலிலேயே செய்யச் சொல்கிறேன். அதிலும் அதே இடத்தில் நின்றால் பென்டிரைவ் செய்த விதத்தை விட்டுவிட்டு மெஷினைத் திறக்கலாம். இன்னொன்று, வென்டாய் மெனுவில் நார்மல், விம்பூட் என்று இரண்டு பூட் முறைகள் கேட்குமே, கடையில் நின்றபோது மற்றதை எப்போதாவது போட்டுப் பார்த்தீர்களா?

கே: இல்லை. ஆனாலும் வென்டாய்தான் பெஸ்ட்.

ப: சரி, வாழ்க.

கே: அண்ணா ரூஃபஸ் நல்லதா வென்டாய் நல்லதா?

ப: மேலே சண்டையே நடந்திருக்கிறது, படியுங்கள்.

கே: விண்டோஸ் செட்டப் நிற்கும்போது லாக் (நடந்ததைப் பதிந்துவைக்கும் ஃபைல்) பார்க்க வழி உண்டா?

ப: நல்ல கேள்வி, இதைத்தான் எல்லோரும் கேட்டிருக்க வேண்டும். ஷிஃப்டோடு எஃப்10 அழுத்தினால் கருப்பு விண்டோ வரும் (சில லேப்டாப்பில் எஃப்என் கீயும் சேர்த்து). அதில் நோட்பேட் என்று அடித்து, எக்ஸ் டிரைவில் விண்டோஸ், அதற்குள் பாந்தர் (Panther) ஃபோல்டரைத் திறந்தால் செட்டப்ஆக்ட் (setupact), செட்டப்எர் (setuperr) என்று இரண்டு லாக் இருக்கும். ஃபைல்தேர்வில் "ஆல் ஃபைல்ஸ்" வைக்காவிட்டால் கண்ணில் படாது. கடைசி இருபது வரியை போட்டோ எடுத்து அனுப்புங்கள். அந்த விண்டோவில் டிஸ்க்பார்ட், கிளீன் என்று யூடியூபில் பார்த்ததை அடித்துவிடாதீர்கள், ஒரு நொடியில் பார்ட்டிஷன் எல்லாம் போய்விடும். பேக்கப் எடுத்தீர்களா?

கே: ஃபோன் அப்டேட் நடுவில் நிற்கிறது.

ப: என் துறை இல்லை. சர்வீஸ் சென்டர்.